தானத்துக்கு வந்த வண்டி

ஸ்டிக்கரை உரித்துவிட்டாலும் எழுத்து போய்விடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் வெயிலில் நின்ற வண்டியின் கதவில், எழுத்து ஒட்டியிருந்த இடத்துப் பெயின்ட் மட்டும் வெளுக்காமல் இருக்கும். சூடு காட்டி, பிளேடால் நெம்பி, தின்னர் நனைத்த துணியால் எத்தனை முறை துடைத்தாலும் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது ‘காவல்’ என்று வாசிக்க முடியும். பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்குமேல் இரண்டு கோட்டு வெள்ளை அடித்தால்தான் அது அடங்கும். ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் ஜீப்பை ஆதரவற்றோர் இல்லத்துக்கு யாராவது வாங்கிக் கொடுக்கும்போது முதலில் நடக்கிற வேலை இதுதான். கொடுக்கிறவர் நல்ல மனதோடு கொடுக்கிறார், வாங்கிக்கொள்கிறவர்களுக்கு வண்டி உண்மையிலேயே தேவைப்படுகிறது, பட்டறைக்காரர் தர்மக் காரியம் என்று கூலியைக் குறைத்துக்கொள்கிறார். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் கொஞ்ச காலமாக ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த எழுத்து யாருடைய கண்ணிலிருந்து மறைகிறது?

சென்னைப் புதுப்பேட்டையில் ஆயுதப்படைக் குடியிருப்பும் பழைய உதிரிபாகக் கடைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கூவத்தின் கரையோரம் நடந்தால் ஒரு பக்கம் காக்கி காய்கிற கொடிகள், இன்னொரு பக்கம் கழற்றி அடுக்கிய கதவுகள், பம்பர்கள், எண்ணெய் வடிகிற கியர் பாக்ஸ்கள். அங்கே எந்தக் கதவும் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்லாது. பொலேரோவின் கதவு பொலேரோவுக்குப் பொருந்தும், அவ்வளவுதான் அதன் முறை. இரும்புக்கு ஞாபகம் கிடையாது என்று அங்கே நிற்கும்போது நம்பத் தோன்றுகிறது, நிம்மதியாகவும் இருக்கிறது. பிரித்துப்போட்ட வண்டி விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். முழு வண்டியாக, ஓடுகிற வண்டியாக, மனிதர்களை ஏற்றுவதற்காகவே கை மாறுகிற வண்டி விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

கண்டம் செய்த, அதாவது பயன்பாட்டிலிருந்து கழித்த, வண்டியைக் காவல் துறை அப்படியே விட்டுவிடுவதில்லை. சைரனைக் கழற்றுவார்கள், கூரையில் சுழலும் விளக்கைக் கழற்றுவார்கள், வயர்லெஸ் செட்டும் ஆன்டெனாவும் போகும், சின்னம் போகும். அரசு வண்டிக்கே உரிய ‘ஜி’ எழுத்து எண் பலகையும் தனியார் கையில் தங்கக் கூடாது. இவற்றையெல்லாம் எடுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. வேறொருவன் இந்த வண்டியில் வந்து போலீஸ் என்று சொல்லி ஏமாற்றிவிடக் கூடாது. அந்தப் பட்டியலை யோசித்துப் பார்த்தால், எல்லாமே வண்டிக்கு வெளியே நிற்கிறவனை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. சாலையில் எதிரே வருகிறவன், சிக்னலில் நிற்கிறவன், கடை வாசலிலிருந்து பார்க்கிறவன் குழம்பிவிடக் கூடாது. வண்டிக்கு உள்ளே உட்காரப்போகிறவரை மனதில் வைத்துக் கழற்றப்படுவது எதுவும் அதில் இல்லை. அவர் அங்கே காணப்போவதெல்லாம் அப்படியே இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? பழைய ஜீப்புகளிலும் சுமோக்களிலும் பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். ரெக்சின் கிழிந்து, உள்ளிருக்கும் ஃபோம் பழுப்பாகப் பிதுங்கியிருக்கும். ஜன்னலில் கம்பி வலை. டீசல், வேர்த்த காக்கி, பீடி, யாரோ வாந்தி எடுத்ததைக் கழுவிய பினாயில் எல்லாம் கலந்த ஒரு வாடை, மழைக்காலத்தில் மேலெழும்பும். நீள இருக்கையில் உட்கார்ந்தவருக்குப் போகிற பாதை தெரியாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் தோள் பக்கத்து ஆளின் மேலோ இரும்பின் மேலோ இடிக்கும். பின்கதவின் கண்ணாடி வழியாக, விட்டு வந்த தெரு சிறுத்துக்கொண்டே போவது மட்டும் தெரியும். நாம் பேருந்தில் போகும்போது எங்கே போகிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டே போகிறோம். இந்த இருக்கை ஒருவருக்குக் காட்டுவது, எதிலிருந்து பிரிக்கப்படுகிறோம் என்பதைத்தான். பல வண்டிகளில் இந்தப் பின்கதவை வெளியே நிற்கிறவர்தான் திறக்க வேண்டும்.

அப்படி வெள்ளை பூசிய வண்டி ஒன்று, ஒரு பேருந்து நிலையத்தின் கழிப்பறைச் சுவரோரம் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இறங்கியவர்கள் சின்ன வயதுப் பிள்ளைகள், தொண்டு நிறுவனத்தின் பனியன் போட்டவர்கள். சுவரோரம் மூட்டையோடு படுத்திருந்த வயதான அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு, தண்ணீர் கொடுத்து, காலில் இருந்த புண்ணைப் பார்த்தார்கள். அருவருப்பு இல்லாத கைகள். அந்த அம்மா தண்ணீரை வாங்கிக் குடித்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், ஊர்ப் பெயர் ஏதோ சொன்னார். எழுப்பி நிறுத்தி வண்டிப் பக்கம் திருப்பியதும் பக்கத்திலிருந்த இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நான் ஒண்ணும் எடுக்கல சாமி, என்னை ஏத்தாதீங்க” என்றார். “நாங்க போலீஸ் இல்லம்மா, ஹோம்லருந்து வந்திருக்கோம், அங்க சோறு இருக்கு, படுக்க இடம் இருக்கு” என்று அந்தப் பெண் பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. திறந்திருந்த பின்கதவுக்குள் தெரிந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பேர் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். மெதுவாகத்தான் தூக்கினார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது மெதுவா வேகமா என்பது தெரியாது. தூக்கப்படுகிறவருக்குத் தெரிந்ததா என்பதில்தான் என் சந்தேகம்.

தெருவில் கிடக்கிற மனிதர்களைத் தூக்கி ஏற்றுகிற காரியம் இங்கே புதிதல்ல. சென்னை மாகாணத்துப் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் 1945இல் வந்தது. கையேந்துவது குற்றம், பிடித்துக்கொண்டு போய் அடைக்கலாம். டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தன் எல்லைக்குள் அப்படிப்பட்ட பிரிவுகள் செல்லாது என்று சொன்னது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில், ஒரு தலைவர் ஊருக்கு வருகிறார் என்றாலோ திருவிழா என்றாலோ இரவோடு இரவாகச் சாலையோரத்து மனிதர்களை வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவது பல ஊர்களிலும் நடந்தது. ஆக, ஆதரவற்றோர் இல்லத்தின் வண்டியில் ஏறப்போகிறவரும் அந்த வண்டி காக்கியில் இருந்தபோது ஏறியவரும் பெரும்பாலும் ஒரே மாதிரி மனிதர்கள். வீடில்லாதவர், மனம் பேதலித்தவர், குடித்து விழுந்தவர், திருநங்கை, நரிக்குறவர், இருளர். மற்றவர்கள் அந்த வண்டியைத் தெருவில் பார்த்திருப்பார்கள், விலகி வழி விட்டிருப்பார்கள். இவர்களுக்கு மட்டும்தான் அதன் உட்புறம் தெரியும். பழைய வண்டியைத் தானமாகப் பெறுகிற இடங்களில் இப்படி ஒரு பொருத்தம் வேறெதற்கும் இல்லை. பள்ளிப் பேருந்து கோயிலுக்குப் போனால் ஏறுகிறவர்கள் மாறிவிடுகிறார்கள். இதில் மாறுவதில்லை.

சட்டத்தின் ஓர் இடம் இங்கே என் நினைவுக்கு வருகிறது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. பலருக்கும் தெரிந்த பாதுகாப்பு இது. கைது செய்த இடத்திலிருந்து நீதிமன்றம் வரை பயணத்துக்கு ஆகிற நேரம் அந்த 24 மணியில் சேராது என்பதும் அதே வரியில் இருக்கிறது. தூரத்தை நினைத்து வைத்த விலக்குதான், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவாக, வண்டிக்குள் இருக்கிற நேரம் கணக்கில் வராத நேரமாகிறது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் கொடுத்தது. கைதுக் குறிப்பு வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். 2020 டிசம்பரில், காவல் நிலையத்தின் வாசல், லாக்கப், நடைவழி எல்லாவற்றிலும் கேமரா வேண்டும் என்றது. இவை எல்லாம் சுவர்களுக்குள் நடப்பதைக் கண்காணிக்க முயல்கின்றன. வண்டிக்கென்று இருப்பது லாக் புக். புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல், அலுவல் என்ன, அதிகாரி கையெழுத்து. ஒரு லிட்டர் எண்ணெய் தவறினாலும் டிரைவர் பதில் சொல்ல வேண்டும். பின்னால் யார் உட்கார்ந்திருந்தார், எந்த நிலையில் ஏறினார், எந்த நிலையில் இறங்கினார் என்று எழுத அதில் இடமில்லை. வண்டி கண்டமாகிற நாளில் அந்தப் புத்தகங்களும் பழைய தாளாகிவிடும்.

வாச்சாத்தியை நினைக்காமல் இதை எழுத முடியாது. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்து அந்த ஊருக்குள் வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். பெண்களை அரூர் வன அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. மனிதர்கள் விசாரிக்கப்பட்டார்கள், அதுவே பெரிய விஷயம். அன்றைக்கு வந்த வண்டிகள் என்ன ஆயின என்று நான் யோசிப்பது சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். அவை இன்னும் சில வருடம் ஓடியிருக்கும், ஏலம் போயிருக்கும், செங்கல் ஏற்றியிருக்கும். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் தி. மண்டபம் என்ற ஊரில் இருளர் பெண்கள் நால்வர், இரவில் தங்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றித் தைலமரத் தோப்புக்குக் கொண்டுபோய்ச் சீரழித்ததாகப் புகார் சொன்னார்கள். அந்தப் புகாரில் வண்டி வெறும் போக்குவரத்து அல்ல, நடந்ததன் ஒரு பகுதி. அப்படி ஒரு வண்டி பத்து வருடம் கழித்து வெள்ளையடித்துக்கொண்டு அதே வட்டாரத்தில் ஒரு நல்ல காரியத்துக்காக ஓடினால், அந்தப் பெண்களில் ஒருவருக்குப் பிரசவ வலி வந்து அதில் ஏற வேண்டியிருந்தால் என்ற எண்ணம் வந்த பிறகு எனக்கு இதை எளிதாக விட முடியவில்லை.

வெள்ளை என்ற நிறத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தர்மத்துக்குப் போகிற வண்டிக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் நமக்குத் தோன்றுவதில்லை. ஆம்புலன்சின் நிறம், ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம், சுத்தத்தின் நிறம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அதே நிறத்து வேனைக் கண்டு ஒரு தலைமுறையே நடுங்கியது. எண் பலகை இல்லாத வெள்ளை வேன் வந்து நின்றது, ஆளை ஏற்றியது, போனது. ஏற்றப்பட்டவர் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று உட்கார்ந்த தாய்மார்கள் வருடக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாக்களின் தெருவில் ஒரு தொண்டு நிறுவனம் வெள்ளை வேனை நிறுத்தி, வாருங்கள் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? நிறம் பூசுகிறவர் நினைக்கிற அர்த்தம் ஒன்று, அனுபவித்தவர் வைத்திருக்கிற அர்த்தம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் பேச்சே நடப்பதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒரு வண்டியின் கணக்கில் கொடுமை மட்டுமே இருக்காது. விபத்தில் துடித்தவனை ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் அதே பின் இருக்கையில் கிடத்தி ஓட்டிய டிரைவர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தில் கழுத்தளவு நின்ற குடும்பங்களை அதே வண்டிகள் ஏற்றி வந்திருக்கின்றன. ஆயுத பூஜை அன்று அந்த ஜீப்பைக் கழுவி, சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த காவலர் அதைத் தன் பிழைப்பாக மட்டும் நினைத்திருக்க மாட்டார். வண்டி இல்லாத இல்லம் எப்படித் தவிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நடு இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டும்போது, கேட்பாரற்ற உடல் ஒன்றைப் பிணவறையிலிருந்து இடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்போது, வாடகைக்கு வர யாரும் சம்மதிப்பதில்லை. அங்கே போய் இரும்பின் ஞாபகத்தைப் பற்றிப் பேசுகிறவனை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பல முறை இந்தக் கட்டுரையை நிறுத்தி வைத்தேன்.

இப்படி வேலை மாறிய வண்டிக்கு வெளியூர் உதாரணமாகத் தென்னாப்பிரிக்காவின் காஸ்பிரை எடுத்துக்கொள்ளலாம். கண்ணிவெடி வெடித்தாலும் உள்ளே இருப்பவர் தப்பும்படி அடிப்பாகத்தை ‘வி’ வடிவில் வளைத்துச் செய்த கவச வண்டி அது. நிறவெறி அரசின் போலீஸ் அதைக் கறுப்பர்களின் குடியிருப்புகளுக்குள் ஓட்டியது. அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் எஞ்சின் சத்தமே போதும். அதே வகை வண்டி பிற்பாடு ஆப்பிரிக்காவில் போர் முடிந்த நிலங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனது. அங்கே எத்தனையோ கால்கள் அதனால் மிஞ்சியிருக்கும். இதை மறுக்க முடியாது. ரால்ஃப் சிமன் என்ற கலைஞர் 2016இல் வேறொன்று செய்தார். ஒரு காஸ்பிரை எடுத்து, ஜிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள கைவினைஞர்களைக் கொண்டு அதன் உடல் முழுவதையும் வண்ணக் கண்ணாடி மணிகளால் மூடினார். கதவு, ஜன்னல் விளிம்பு எதையும் விடவில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது, அது வண்டியை மறைக்கவில்லை என்பதுதான். மணிகளுக்கு அடியில் காஸ்பிர் காஸ்பிராகவே நிற்கிறது. பார்த்தவுடன் யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதற்கு அஞ்சி ஓடியவர்களின் மண்ணிலிருந்து வந்த கைகளே அதைப் பொறுமையாக மணி மணியாகத் தொட்டிருக்கின்றன. மணி கோத்த வண்டி பழையதை இல்லை என்று சொல்லவில்லை. நம் பட்டறையில் அடிக்கிற வெள்ளைதான் அப்படிச் சொல்கிறது.

இப்போது பழைய வண்டியை என்ன செய்வது என்ற கேள்வியே வேறு வழியில் முடித்துவைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு தானாக முடிந்துவிடும், அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். புகையைக் குறைக்கச் செய்த விதி, நல்லதுதான். அதில் ஒரு விலக்கு இருக்கிறது. சட்டம் ஒழுங்குக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் பயன்படுகிற கவச வண்டிகளையும் சிறப்பு வண்டிகளையும் அது தொடாது. ஆகவே பிரசவத்துக்கும் ஓடிய, திருடனையும் ஏற்றிய சாதாரண ஜீப் 15 வருடத்தில் நசுங்கும். கூட்டத்தைக் கலைப்பதற்கென்றே செய்த வண்டிக்கு வயது பார்க்கப்படாது. 15 வருடம் ஆகும் முன்பே கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வருகிறவை இன்னும் கை மாறும், இன்னும் இல்லங்களுக்குப் போகும். ஆகவே சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரில் எதைக் கொடுத்தாலும் பெயர் எழுதிக் கொடுக்கிறோம். கோயில் ட்யூப் லைட்டில், பள்ளி பெஞ்சில், பேருந்து நிழற்குடையில் உபயம் இன்னார் என்று இருக்கும். இப்படித் தானமாகிற வண்டியின் கதவிலும் கொடுத்தவர் பெயர் வரும். எடுத்த விலையைக் கொடுத்தவர் அவர், வரட்டும். அதற்கு முன்னால் அந்த வண்டிக்காக வேறொரு விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பின் இருக்கையில் உட்கார்ந்து போனவர்கள். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஏறுகிறவரை நினைத்து வண்டியை மாற்றிய இடமும் உண்டு. அமெரிக்கப் போலீஸ் பல காலம் ஓட்டிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா காரில் பின் கதவுகள் உள்ளிருந்து திறக்காதபடி செய்யப்பட்டிருக்கும். ஓய்வுபெற்ற அந்தக் கார்கள் பல டாக்சியாக மாறியபோது, வாங்கியவர்கள் அந்தக் கதவுகளை உள்ளிருந்து திறக்கும்படி சரிசெய்ய வேண்டியிருந்தது. காசு கொடுத்து ஏறுகிற பயணிக்கு அது இல்லாமல் முடியாது. காசில்லாமல் ஏற்றப்படுகிறவருக்கும் அது இல்லாமல் முடியாது என்று நமக்குத் தோன்றவில்லை.

இல்லங்கள் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பழைய போலீஸ் வண்டி தானமாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். வெளியே பெயின்ட் அடிக்கும் முன்பு ஒரு முறை நீங்களே பின்னால் ஏறி உட்கார்ந்து, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லி, ஊரைச் சுற்றி வாருங்கள். பிறகு கம்பி வலையை அறுத்தெடுங்கள், நீள இருக்கைகளைக் கழற்றி முன்னோக்கிய இருக்கை போடுங்கள், வெள்ளையை விட்டு வேறு நிறம் அடியுங்கள், பின்கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடி வையுங்கள். ஏற மாட்டேன் என்று ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டால், அன்றைக்கு அவரை அங்கேயே விட்டுச் சோற்றை மட்டும் கொடுத்துவிட்டு மறுநாள் நடந்து போங்கள். இவ்வளவுக்கும் பணமோ பொறுமையோ இல்லையென்றால் அந்த வண்டியில் அரிசி ஏற்றுங்கள், தண்ணீர்க் கேன் ஏற்றுங்கள், ஆளை ஏற்றாதீர்கள்.